வளவுக்குக் காவல், பிள்ளைக்குப் பாதுகாப்பு
நாய் வளர்க்கும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

கமம் செய்யும் குடும்பத்துக்கு நாய் ஒரு பொழுதுபோக்குப் பிராணி அன்று. அது வேலை செய்யும் பிராணி. இரவில் கச்சான் தோட்டத்துக்குள் இறங்கும் காட்டுப்பன்றியைக் குரைத்துக் கலைக்கிறது. மரவள்ளிக்கு வரும் குரங்கை விரட்டுகிறது. கோழிக்கூட்டுக்குக் கீரியை நெருங்க விடுவதில்லை. ஆட்டுக்கொட்டில் பக்கம் அந்நியர் வந்தால் வீட்டாரை எழுப்புகிறது. இடம்பெயர்ந்து, கதவு இல்லாத கொட்டிலிலும் தறப்பாளின் கீழும் படுத்தெழும்பிய குடும்பங்களுக்கு நாயின் பெறுமதியை நாம் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் இதே நாயின் வழியாகத்தான் நமது பிள்ளைகளுக்கு மிகக் கொடிய நோய் ஒன்றும் வருகிறது. அதுவே விசர்நாய்க்கடி நோய் எனப்படும் நீர்வெறுப்பு நோய். நோய்க்குறி வெளிப்பட்ட பின்னர் இதற்கு மருந்து இல்லை. வெளிப்படுமுன் தடுப்பது மிக எளிது. இந்த வேறுபாட்டை ஒவ்வொரு குடும்பமும் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். நாயைச் சுகமாக வைத்திருப்பதும் பிள்ளையைப் பாதுகாப்பதும் இரண்டு வேலைகள் அல்ல, ஒரே வேலைதான்.

யாருடைய நாய்?

ஊரில் திரியும் நாய்களைக் காட்டி "இது யாருடையது?" என்று கேட்டால், "இங்கேதான் நிற்கும், எல்லாரும் சோறு போடுவோம்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். எல்லாருடைய நாய் என்றால், ஊசி போடும் நாளில் அது யாருடைய நாயும் அல்ல. அதைப் பிடித்துக் கொண்டுவர ஒருவரும் இல்லை. அது கடித்தால் பொறுப்பெடுக்கவும் ஒருவரும் இல்லை.

இடப்பெயர்வு இப்படிப்பட்ட நாய்களைப் பெருக்குகிறது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி முழுவதிலுமிருந்தும் மக்கள் வெளியேறியபோது வீட்டு நாய்கள் பின்னே நின்றுவிட்டன. இப்படி விடப்படும் நாய்களில் பட்டினியால் இறப்பவை போக, எஞ்சியவை வெறும் வீடுகளிலும் பற்றைகளிலும் குட்டி போட்டுப் பெருகுகின்றன. அக்குட்டிகள் மனிதர் கை படாமல் வளர்கின்றன. கூட்டமாகத் திரிந்து ஆட்டையும் கன்றையும் கடிக்கின்றன. மீளக் குடியேறும் குடும்பம் தனது காணியின் படலையைத் திறக்கும்போது இந்தக் கட்டாக்காலி நாய்களே முதலில் எதிரே நிற்கின்றன.

எனவே முதலாவது விதி இது: வளவில் நிற்கும் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு வீடு பதில் சொல்ல வேண்டும். பெயர் வையுங்கள். கழுத்துப்பட்டி கட்டுங்கள். உள்ளூராட்சி சபையில் பதிவு செய்யுங்கள். நாய்களைப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டளைச் சட்டம் நம் நாட்டில் 1901ஆம் ஆண்டு தொடக்கம் இருக்கிறது. பொறுப்பெடுக்க முடியாவிட்டால் இன்னொரு குட்டியை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

விசர்நோய் எப்படி வருகிறது?

இது ஒரு வைரஸ் கிருமியால் வரும் நோய். நோயுற்ற பிராணியின் உமிழ்நீரில் கிருமி இருக்கும். அது கடிக்கும்போது, அல்லது அதன் உமிழ்நீர் நமது புண்ணிலோ கீறலிலோ கண்ணிலோ வாயிலோ படும்போது, கிருமி உடலுக்குள் போகிறது. பின்னர் நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளையை நோக்கி நகர்கிறது. மூளையை அடைய வழமையாக இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். சிலருக்கு ஒரு வாரத்திலும் வரலாம், சிலருக்கு ஓராண்டு கழித்தும் வரலாம். தலை, முகம், கழுத்து, கை ஆகியவற்றில் கடிபட்டால் பயணம் குறுகியது, ஆபத்து விரைவில் வரும். சிறு பிள்ளையின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருப்பதால் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

இந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் தவணை. கிருமி மூளையை அடையுமுன் ஊசி மருந்து உடலில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிவிட்டால் ஆள் தப்புவார். அடைந்துவிட்டால் தப்புவது ஏறக்குறைய இல்லை.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. மனிதருக்கு வரும் இந்நோயில் நூற்றுக்கு 99 வரை நாயின் மூலமே வருகிறது. நம் நாட்டில் 1970களின் தொடக்கத்தில் ஓராண்டில் முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்த நிலையும் இருந்தது. நாய்களுக்கு ஊசி போடுவதும், கடிபட்டோர் வைத்தியசாலைக்குப் போவதும் கூடியபடியால் இத்தொகை அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 வரை குறைந்திருக்கிறது. இந்த இறப்புகளும் தடுக்கப்படக் கூடியவையே.

நோயுற்ற பிராணியை அறிதல்

விசர்நாய் என்றால் வாயில் நுரை தள்ளிக்கொண்டு தெருவில் ஓடும் நாய் என்றே பலரும் எண்ணுகிறார்கள். அது ஒரு வகை. அந்த நாய் காரணமின்றிக் கடிக்கும். மண், தடி, கல் எனக் கண்டதையெல்லாம் கவ்வும். வீட்டை விட்டு நெடுந்தூரம் ஓடும். குரல் மாறி ஊளையிடும்.

இன்னொரு வகை இதைவிட ஏமாற்றக்கூடியது. நாய் அமைதியாகிவிடும். இருட்டான மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாது. பின்கால்கள் சோரும். "தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது" என்று வீட்டார் வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பார்கள். இப்படிக் கைவிடுவது மிக ஆபத்தானது.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் பூனைக்கும் இந்நோய் வரும். நரி, கீரி போன்ற காட்டுப் பிராணிகளுக்கும் வரும். மாடு உணவை விட்டு, எச்சில் வடித்து, ஓயாமல் கத்தினால் வாய்க்குள் கைவிடாதீர்கள். தனியே கட்டிவிட்டுக் கால்நடை வைத்தியரை அழையுங்கள். அந்த மாட்டின் பாலைக் கறந்து குடிக்க வேண்டாம். காய்ச்சாத பாலைக் குடித்தவர்கள் இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நாய் கடித்தால் செய்ய வேண்டியவை

1. உடனே புண்ணைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். இது மிகப் பெரிய பாதுகாப்பு. குழாய் இல்லாவிட்டால் ஒருவர் வாளியிலிருந்து கோப்பையால் ஊற்ற, மற்றவர் கழுவலாம். பவுசரில் தண்ணீர் வரும் இடத்தில் தண்ணீரைச் சிக்கனம் பிடிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. இந்த ஒரு வேலைக்குச் சிக்கனம் பார்க்க வேண்டாம். 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம், மணிக்கூட்டைப் பாருங்கள்.

2. புண்ணில் மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, பச்சிலை, மண்ணெண்ணெய் எதையும் பூசாதீர்கள். இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

3. அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். ஊசி தேவையா, எத்தனை, எந்த நாட்களில் என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். கடி ஆழமானால் ஊசியுடன் எதிர்ப்புச் சீரமும் புண்ணைச் சுற்றி ஏற்றப்படும். அது சிறிய வைத்தியசாலையில் இல்லாதிருக்கலாம். பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினால் நாளை பார்ப்போம் என்று நிற்காமல் போங்கள். அரச வைத்தியசாலையில் இச்சிகிச்சை இலவசம்.

4. கடித்த நாயைக் கொல்லாதீர்கள். முடிந்தால் கட்டி வைத்து 10 நாட்கள் கவனியுங்கள். உமிழ்நீரில் கிருமி இருந்த நாய் இந்த நாட்களுக்குள் நோய் காட்டும் அல்லது இறக்கும். 10 நாள் கழித்தும் சுகமாக இருந்தால், கடித்த வேளையில் அதற்கு இந்நோய் இருக்கவில்லை என்பது உறுதி. ஆனால் நாயைப் பார்த்து முடியும்வரை வைத்தியசாலைக்குப் போகாமல் இருக்கக்கூடாது. இரண்டும் ஒரே வேளையில் நடக்க வேண்டும்.

5. நாய் இறந்துவிட்டால் உடனே புதைத்துவிடாதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். தலையைச் சோதித்தால் நோய் இருந்ததா என்று சொல்ல முடியும். கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் இச்சோதனை செய்யப்படுகிறது. நீங்களாக வெட்ட முயலாதீர்கள்.

6. குறித்த நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டு முடியுங்கள். இடையில் இடம் மாற நேர்ந்தால் ஊசித் துண்டைக் கையோடு கொண்டுபோய், புதிய இடத்துக்குக் கிட்டிய அரச வைத்தியசாலையில் காட்டித் தொடருங்கள்.

பிழையான எண்ணங்கள் சில

"எங்கள் வீட்டு நாய்தானே கடித்தது." வீட்டு நாயும் இரவில் வெளியே போய் இன்னொரு நாயிடம் கடி வாங்கியிருக்கலாம்.

"சின்னக் குட்டிதானே." குட்டிக்கும் இந்நோய் வரும். தெருவில் கண்டெடுத்த குட்டியைப் பல பிள்ளைகள் மாறிமாறித் தூக்கி, முகத்தை நக்கவிட்டு விளையாடுவார்கள். அக்குட்டி சில நாளில் இறந்துவிட்டால், அதைத் தொட்ட எல்லாப் பிள்ளைகளையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

"இரத்தம் வரவில்லை, கீறல்தான்." பல் பட்ட கீறலும் போதும்.

"தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள், வேதனை தாங்க ஏலாது." அது பழைய கால மருந்து. இப்போது கையில் போடப்படும் சில ஊசிகளே போதும். கர்ப்பிணித் தாய்க்கும் கைக்குழந்தைக்கும்கூட இதைப் போடலாம்.

"பார்வை பார்த்தால் போதும்." நம்பிக்கை உள்ளவர்கள் பார்வை பார்க்கட்டும், அது அவரவர் விருப்பம். ஆனால் ஊசியை விட்டுவிட்டுச் செய்யும் எந்த வைத்தியமும் உயிரைக் காக்காது.

இவற்றுக்கெல்லாம் மேலான ஆபத்து ஒன்று உண்டு. பிள்ளை கடியை மறைப்பது. அயல்வீட்டு நாய்க்குக் கல்லெறிந்து கடி வாங்கிய பிள்ளை, அடி விழும் என்ற பயத்தில் வீட்டில் வாய் திறக்காது. காயமும் ஆறிவிடும். மூன்றாம் மாதம் தண்ணீர் குடிக்க முடியாமல் திணறும்போதுதான் தாய் தகப்பனுக்குத் தெரியவரும். அப்போது எவராலும் எதுவும் செய்ய ஏலாது. ஆகவே இன்றிரவே உங்கள் பிள்ளைகளை இருத்திச் சொல்லுங்கள்: "நாய், பூனை, குரங்கு எது கடித்தாலும், கீறினாலும் உடனே சொல்லு. யாருடைய பிழை என்று கேட்கமாட்டோம், அடிக்கவும் மாட்டோம்." சொன்னபடி நடந்தும் காட்டுங்கள்.

நாய்க்குத் தடுப்பூசி

கடிபட்ட பின் மனிதருக்குப் போடும் ஊசியை விட, கடிக்குமுன் நாய்க்குப் போடும் ஊசி மலிவானது, எளிதானது. ஆண்டுக்கு ஒரு தடவை தவறாமல் போட வேண்டும். குட்டிக்கு முதல் ஊசியை எந்த வாரத்தில் போடுவது, அடுத்ததை எப்போது போடுவது என்பதைக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டறியுங்கள். மூன்று மாதம் கடந்தும் ஊசி போடாத குட்டி வளவில் இருக்கக்கூடாது. பெட்டை நாய்க்கும் போட வேண்டும். கடுவனுக்கு மட்டும் போட்டால் போதும் என்பது பிழை.

அரச திட்டத்தின் கீழ் இந்த ஊசி இலவசமாகப் போடப்படுகிறது. எந்த நாளில், எந்தச் சந்தியில் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கிராம உத்தியோகத்தரிடமோ விசாரியுங்கள். கடையில் மருந்து வாங்கிக் கொண்டுவருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இம்மருந்து குளிர்ப்பெட்டியின் குளிரில் இருக்க வேண்டியது. ஐஸ் இல்லாமல் வெயிலில் பஸ்ஸில் கொண்டுவந்த மருந்தைப் போட்டு, ஊசி போட்டாயிற்று என்று நம்பியிருப்பது ஊசி போடாமல் இருப்பதைவிட மோசம்.

ஊசி அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி ஆகியவற்றை எந்தப் பையில் வைத்திருக்கிறீர்களோ அதே பையில் நாயின் அட்டையையும் வையுங்கள். அவசரத்தில் அந்தப் பையைத்தான் எடுத்துக்கொண்டு ஓடுவீர்கள்.

குட்டிகளும் கருத்தடையும்

பெட்டை நாய் ஆறு மாதம் கடந்த பின் எந்நேரமும் பருவத்துக்கு வரலாம். வழமையாக ஆண்டுக்கு இருமுறை வரும். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாட்கள். ஓர் ஈற்றில் ஐந்து குட்டி என்று வைத்துக்கொண்டாலும், ஒரு வீட்டிலிருந்து ஆண்டுக்குப் பத்துக் குட்டிகள். பத்துக் குட்டிக்கும் பத்து வீடு கிடைக்காது. பிறகு நடப்பது நமக்குத் தெரியும். சாக்கில் போட்டுச் சந்தையடியிலோ கோயில் வீதியிலோ பாடசாலை மதிலோரத்திலோ விட்டுவிடுகிறோம். அங்கே சாகாமல் தப்பும் குட்டிதான் நாளை ஊசி இல்லாத கட்டாக்காலி. பாடசாலை மதிலோரத்தில் விட்ட குட்டியை நமது பிள்ளையே தூக்கிக்கொண்டு திரும்பவும் வீட்டுக்கு வருவதும் உண்டு.

இதற்கு நல்ல வழி கருத்தடைச் சத்திரசிகிச்சை. பெட்டைக்கும் கடுவனுக்கும் செய்யலாம். கருத்தடை செய்த நாய் காவல் காக்காது என்பது சரியல்ல. குரைப்பதும் வளவைக் காப்பதும் அப்படியே இருக்கும். பெட்டையைத் தேடி ஊர் சுற்றுவதும் சண்டை பிடிப்பதும் குறையும். இலவச முகாம்கள் நடைபெறும்போது தவறவிடாதீர்கள். ஊரில் பத்து வீடாகச் சேர்ந்து கேட்டால் கால்நடை வைத்திய அலுவலகமும் பிரதேச சபையும் ஒழுங்கு செய்வது இலகு.

தெருநாய்களைக் கொன்று நோயைத் தடுக்கும் வழி நம் நாட்டில் நெடுங்காலம் கடைப்பிடிக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு அது கைவிடப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையும் முதன்மையாக்கப்பட்டன. காரணம் விளங்கக்கூடியதே. நாய்களைக் கொன்ற இடத்துக்கு அயலிலிருந்து வேறு நாய்கள் வந்து சேரும். அவற்றுக்கு ஊசி போட்டிருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. ஊசி போட்ட நாய் தன் எல்லைக்குள் நின்றாலே ஊருக்கு அது ஒரு வேலி.

உணவு, நீர், நிழல்

நாய்க்குத் தனி உணவு வாங்க வேண்டியதில்லை. சோற்றுடன் அவித்த மீன் தலை, பருப்பு, மரக்கறி சேர்த்து நாளுக்கு இருவேளை கொடுத்தால் போதும். உறைப்பும் உப்பும் மிகுந்த கறி வேண்டாம். சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். வெங்காயமும் சொக்கிலேற்றும் நாய்க்கு நஞ்சு. ஆடு, மாடு அறுக்கும்போது பச்சையான ஈரல், குடலைப் போடாதீர்கள். அதன் வழியாகப் புழுக்கள் நாய்க்கும் நாயிலிருந்து மனிதருக்கும் தொற்றும். நன்கு அவித்தே கொடுக்க வேண்டும்.

நாய் மனிதரைப்போல வியர்த்துச் சூட்டைத் தணிக்காது. இளைத்து இளைத்தே தணிக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் தகரத்தின் கீழோ தறப்பாளின் கீழோ கட்டிவைத்தால் சூடு தாங்காமல் இறந்துபோகலாம். மர நிழலில் கட்டுங்கள். கவிழாத சட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். மழைக்காலத்துக்கு நிலத்திலிருந்து உயர்த்திய பலகையும் மேலே நாலு கிடுகும் போதும்.

பகலில் கட்டி, இரவில் வேலி அடைத்த வளவுக்குள் அவிழ்த்துவிடுவது நல்ல பழக்கம். கழுத்துப்பட்டிக்குள் இரண்டு விரல் போக வேண்டும். குட்டிக்குக் கட்டிய கயிற்றை மாதம் ஒருமுறை தளர்த்தாவிட்டால் வளர வளர அது கழுத்துச் சதைக்குள் இறங்கிவிடும். கம்பியால் ஒருபோதும் கட்டாதீர்கள்.

தோட்டத்தில் நாய்க்கு வேறு ஆபத்துகளும் உண்டு. எலிப்பாசாணத்தை நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பூச்சிமருந்துப் போத்தலையும் மருந்து கலந்த வாளியையும் திறந்தபடி விடாதீர்கள். பன்றிக்கு வைக்கும் வெடியைக் கடித்து வாய் சிதறும் நாய்களும் இருக்கின்றன. அயலவரின் நாய்க்கு வைக்கும் நஞ்சு, கோழியையும் பிள்ளையையும்கூடப் பிடிக்கும். கண்ணிவெடி அடையாளம் இட்ட பகுதிக்குள் நாய் ஓடிவிட்டால் அதைத் தேடி ஒருவரும் உள்ளே போகக்கூடாது. வெளியில் நின்று கூப்பிடுங்கள்.

உண்ணி, சொறி, புழு

உண்ணி இரத்தத்தை உறிஞ்சுவதோடு காய்ச்சலையும் பரப்பும். காது மடல், விரல் இடுக்கு ஆகியவற்றை வாரம் ஒருமுறை பாருங்கள். உண்ணியை வெறுங்கையால் நசுக்காமல் பிடுங்கி, சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். நாய் படுக்கும் சாக்கை வெயிலில் காயப் போடுங்கள். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. உண்ணியோடு நாயும் சாகும். நாயைக் கட்டிப்பிடிக்கும் பிள்ளைக்கும் நஞ்சு ஏறும். சொறிக்கு வாகனத்தின் பழைய எண்ணெயைப் பூசுவதும் அப்படியே. நாய் அதை நக்கும்போது நஞ்சு வயிற்றுக்குள் போகிறது. சொறிக்கும் உண்ணிக்கும் நாய்க்கென்றே மருந்து உண்டு. கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள்.

குட்டி பிறக்கும்போதே தாயிடமிருந்து வயிற்றுப்புழுவுடன் பிறக்கலாம். இரண்டாம் வாரத்திலிருந்து மூன்று மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பூச்சி மருந்து கொடுப்பது வழமை. இது பிள்ளைகளுக்கும் முக்கியம். நாயின் மலத்துடன் வெளிவரும் புழு முட்டை மண்ணில் கிடந்து, மண் அளையும் பிள்ளையின் வாய் வழியே உள்ளே போகும். சில வேளை கண் பார்வையையும் பாதிக்கும். நாயின் மலத்தை மண்வெட்டியால் அள்ளிப் புதையுங்கள். சாப்பிடுமுன் பிள்ளைகள் சவர்க்காரமிட்டுக் கை கழுவட்டும்.

குட்டி இரத்தமாகக் கழிந்து வாந்தி எடுத்தால் அது பார்வோ நோயாக இருக்கலாம். அன்றே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். இதற்கும் தடுப்பூசி உண்டு. மனிதரின் காய்ச்சல், நோவுக் குளிசைகளை நாய்க்குக் கொடுக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவை

உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டியுடன் கிடக்கும் நாயையும் தொடக்கூடாது. தெரியாத நாய் கிட்ட வந்தால் ஓடக்கூடாது. ஓடினால் துரத்தும். கையைத் தொங்கவிட்டு, அதன் கண்ணைப் பார்க்காமல், மரம்போல அசையாமல் நிற்க வேண்டும். விழுந்துவிட்டால் குப்புறச் சுருண்டு, கைகளால் காதையும் கழுத்தையும் மூட வேண்டும். நாய்ச் சண்டையைக் கையால் பிரிக்கக்கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த நாயுடனும் தனியே விடாதீர்கள்.

மீண்டும் ஒருமுறை வெளியேற நேர்ந்தால்

போர் 2009இல் முடிந்தாலும், மாரி வெள்ளம் நம்மைப் பாடசாலைக் கட்டடங்களுக்கு அனுப்பத் தவறுவதில்லை. எனவே சிலவற்றை முன்கூட்டியே நினைத்து வைப்பது நல்லது. ஊசி அட்டை பையில் இருக்கட்டும். பலமான கயிறு ஒன்றைத் தயாராக வையுங்கள். தங்குமிடத்தில் நாயைப் படுக்குமிடத்துக்கும் சமையலுக்கும் அப்பால், நிழலில் கட்டுங்கள். கடித்தால் சொல்வதற்காக, எந்த நாய் யாருடையது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பல ஊர் நாய்கள் ஓரிடத்தில் சேரும்போது சண்டையும் நோயும் கூடும். தங்குமிடத்துக்கு வரும் சுகாதார உத்தியோகத்தரிடம் ஊசிக்கு ஒழுங்கு செய்யும்படி கேளுங்கள்.

கொண்டுபோக எந்த வழியும் இல்லை என்றால், தயவுசெய்து கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போங்கள். மாட்டுக்கு நாம் செய்வதை நாய்க்கும் செய்யலாம். கட்டியபடி விட்ட பிராணி தண்ணீரில் மூழ்கும், அல்லது பட்டினியில் சாகும். திரும்பி வந்தபின் அது உயிரோடு நின்றால், மனிதர் இல்லாத நாட்களில் அது எவற்றோடு திரிந்ததென்று நமக்குத் தெரியாது. ஆகவே மீண்டும் ஊசி போட்ட பின்னரே பிள்ளைகளுடன் பழக விடுங்கள்.

ஊராகச் சேர்ந்தால்

ஒரு பகுதியிலுள்ள நாய்களில் நூற்றுக்கு 70க்கு ஊசி போட்டு, அந்த அளவை ஆண்டுதோறும் பேணினால், நோய் ஒரு நாயிலிருந்து மற்றதற்குப் பரவும் தொடர் அறுந்துவிடும். பத்து நாய்க்கு ஏழு. இது எட்ட முடியாத இலக்கு அன்று. மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ வீடு வீடாகப் போய் நாய்களை எண்ணி ஒரு கொப்பியில் எழுதலாம். ஊசி போடும் நாளுக்கு முதல் நாள் பிள்ளைகள் வீடுகளுக்குச் செய்தி சொல்லலாம். ஊசி போட்ட நாய்க்கு எல்லாரும் ஒரே நிறத்தில் பட்டி கட்டினால், எந்த நாய்க்குப் போடவில்லை என்பது ஒரே பார்வையில் தெரியும். வீட்டார் வேலைக்குப் போய்விட்ட வளவு நாயை அயலவர் பிடித்துக் கொண்டுவரலாம். ஆண்டுதோறும் செப்ரெம்பர் 28ஆம் திகதி உலக விசர்நோய்த் தடுப்பு நாளாக நினைவுகூரப்படுகிறது. எண்ணும் வேலையை அந்நாளில் தொடங்கி, மாரி மழைக்கு முன் ஊசியை முடித்துக்கொள்வது நமது கமக்காலத்துக்கும் பொருத்தமானது.

இவை எதற்கும் பெருஞ்செலவு இல்லை. ஒரு சவர்க்காரக் கட்டி, ஒரு கயிறு, ஒரு கொப்பி, ஆண்டுக்கு ஒரு காலை நேரம் போதும். உங்கள் வளவில் நிற்கும் நாயின் ஊசி அட்டையில் கடைசியாக எழுதியிருக்கும் திகதியை இன்றே எடுத்துப் பாருங்கள். ஓராண்டு கடந்திருந்தாலோ, அட்டையே இல்லாதிருந்தாலோ, கிட்டிய கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு இந்தக் கிழமையே போய் வாருங்கள்.